பழைய பொருள், புது உபயோகம்: கைவேலை கேள்வி – பதில்

பழைய புடவை, செய்தித்தாள், தகர டப்பா, கொட்டாங்குச்சி என்று வீட்டில் கிடப்பவற்றை வைத்துச் செய்யும் கைவேலைகளைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: செய்யும்போது நன்றாக வந்தது, பத்து நாளில் கெட்டுப்போனது. அழகுபடுத்துவதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. அதனால் இந்த இதழில் எது ஏன் கெடுகிறது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பழைய காட்டன் புடவையைக் கிழித்து, சடைபோல் பின்னி, சுற்றிச் சுற்றித் தைத்து மிதியடி செய்தேன். நடுவில் குழிந்து ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. தரையில் படியவே இல்லை. என்ன தவறு?
— வாசகி, கோவில்பட்டி

வளைவுகளில் பின்னலை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். வேறு காரணம் இருக்க வாய்ப்பில்லை.

கணக்கைப் பார்த்தால் புரியும். பின்னலின் அகலம் 2 செ.மீ. என்றால், ஒவ்வொரு சுற்றும் தனக்கு உள்ளே இருக்கும் சுற்றைவிடச் சுமார் 12.5 செ.மீ. நீளமாக இருந்தாக வேண்டும். மிதியடி சிறியதோ பெரியதோ, இந்த அளவு மாறாது. நீள்வட்ட மிதியடியில் இந்தக் கூடுதல் நீளம் முழுவதும் இரண்டு முனை வளைவுகளிலும்தான் சேர வேண்டும், முனைக்கு 6 செ.மீ. வீதம். நேராக ஓடும் பக்கங்களில் உள் பின்னலின் ஒரு கண்ணுக்கு (ஓரத்தில் இழை மடியும் வளையம்) வெளிப் பின்னலின் ஒரு கண் என்று சேர்த்துத் தையுங்கள். வளைவுக்கு வந்ததும் வெளிப் பின்னலில் அவ்வப்போது ஒரு கண்ணை விட்டுவிட்டு அடுத்த கண்ணில் ஊசியைக் கோத்தால், பின்னல் தானாகத் தளர்ந்து உட்காரும். நடுவில் உள்ள முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் வளைவு குறுகலாக இருப்பதால் அடிக்கடி விட வேண்டியிருக்கும். வெளியே போகப் போகக் குறையும். அளவுக்கு மீறி விட்டால் குழிவுக்குப் பதிலாக ஓரம் அலை அலையாக நெளியும்.

இன்னொன்று, மடியில் வைத்துத் தைக்காதீர்கள். மடியின் வளைவு மிதியடிக்கு வந்துவிடும். மேசையிலோ தரையிலோ பரப்பி வைத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கையை எடுத்துவிட்டுப் படிகிறதா என்று பாருங்கள். இப்போது கையில் இருப்பதில் ஓரம் ஒரு செ.மீ. அளவுக்குத்தான் தூக்குகிறது என்றால், ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்து, மேலே கனம் ஏற்றி ஓரிரவு வைத்தால் படிந்துவிடும். அதற்கு மேல் தூக்கினால், குழிவு ஆரம்பித்த சுற்றுவரை பிரித்துத் திரும்பத் தைப்பதுதான் வழி.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அளவுகள். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் உள்ள மிதியடிக்கு, நடுவில் முதல் பின்னலை 20 செ.மீ. நேராக விட்டுத் திருப்ப வேண்டும். நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவதுதான் இந்த அளவு. மொத்தம் பத்தரை மீட்டர் பின்னல் தேவை. பின்னும்போது நீளம் சுருங்குவதால் ஒவ்வொரு இழைக்கும் 14 முதல் 15 மீட்டர் துணி பிடிக்கும், மூன்று இழைக்கும் சேர்த்து 43 மீட்டர். ஐந்தரை மீட்டர் புடவையின் கரையை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் 7.5 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்தால் 13 பட்டை வரும், 70 மீட்டருக்கு மேல். மீதியில் இன்னொரு சிறிய மிதியடியே செய்யலாம். காட்டன் நூல் ஓட்டத்தில் நேராகக் கிழியும். சிந்தெடிக் புடவையைக் கத்தரிக்க வேண்டும். அது தண்ணீரையும் உறிஞ்சாது, கால் துடைக்க உதவாது.

பட்டைகளை முடிச்சுப் போட்டு இணைத்தால் காலில் உறுத்தும். இரண்டு பட்டைகளின் முனையிலும் 2 செ.மீ. பிளவு வெட்டி, ஒன்றின் பிளவுக்குள் மற்றதைச் செருகி, செருகிய பட்டையின் வால் முனையை அதன் பிளவுக்குள்ளேயே விட்டு இழுங்கள். மூன்று இழைகளிலும் இணைப்பு ஒரே இடத்தில் வந்தால் அங்கே புடைப்பு வரும், ஆகையால் தொடங்கும்போதே மூன்று பட்டைகளையும் வெவ்வேறு நீளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போகும் புடவையைப் பின்னுவதற்கு முன்பே தனியாகத் துவைத்துவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது இன்றைய சாயங்களுக்குப் பொருந்தாது. அலசும் தண்ணீர் தெளிவாகும்வரை துவைப்பதே சரி. டைல்ஸ் தரையில் போடுவதாக இருந்தால் அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒன்றை வெட்டிப் போடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாட்டி காலத்தில் வெந்தயமும் காகிதமும் அரைத்துக் கூடை செய்வார்களாமே, அதைச் செய்து பார்த்தேன். வெயிலில் வைத்த மறுநாளே வெடித்துவிட்டது. ஒட்டுப்போட்டுக் காயவைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது.
— வாசகி, கும்பகோணம்

இரண்டு தொல்லைக்கும் ஈரம்தான் காரணம், ஆனால் வழி வேறு வேறு.

முதலில் கூழ். சாதாரணச் செய்தித்தாள் 300 கிராம், வெந்தயம் 75 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம், அதன்மேல் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு கூழைக் கெடுக்கும். தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து நைசாக அரையுங்கள். அதில் வரும் கொழகொழப்புதான் இங்கே பசை. அதைக் குறைத்தால் கூடை உதிரும். ஊறிய காகிதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்து, வெந்தய விழுதோடு சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். கிரைண்டர் நல்லது. மிக்ஸியில் என்றால் சிறிது சிறிதாகப் போடுங்கள், மோட்டார் சூடேறும். உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும், அதுதான் பதம். மிக்ஸி ஓடவில்லையே என்று தண்ணீர் சேர்க்கும்போதே வெடிப்புக்கு வழி பிறந்துவிடுகிறது.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளோ ஈரத் துணியோ போர்த்தி, கூழை 4 மி.மீ. கனத்தில் தட்டிப் பூசுங்கள். கூழ் காயும்போது சுருங்கும். உள்ளே இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் சுருங்காது. சுருங்க இடமில்லாத கூழ் வெடிக்கத்தான் செய்யும். அதனால் முழுவதும் காயும்வரை பாத்திரத்திலேயே விடக் கூடாது. நிழலில் ஒரு நாள் வைத்து, வெளிப்புறம் தோல்போல் இறுகியதும் மெல்லக் கழற்றி, நிமிர்த்தி வைத்து உட்புறத்தைக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் வெயில். பாத்திரத்தில் இருக்கும்போதே முதல் நாள் உச்சி வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் முறுகி, உள்ளே ஈரமாக இருந்து, நிச்சயம் வெடிக்கும். பெரிய கூடையாக இருந்தால் முதல் பூச்சின்மேல் பழைய மெல்லிய வேட்டித் துணியை வெந்தய விழுதில் நனைத்து ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு 4 மி.மீ. பூசுங்கள். துணி உள்ளே இருந்தால் வெடிப்பு ஓடாது. ஏற்கெனவே வெடித்த கூடையையும் காப்பாற்றலாம். வெடிப்பின் இரண்டு விளிம்பையும் தண்ணீரால் நனைத்துவிட்டு, வெந்தயம் கூடுதலாகச் சேர்த்த கூழை அழுத்தி நிரப்புங்கள். காய்ந்த விளிம்பில் ஈரக் கூழை வைத்தால் ஒட்டாது.

அடுத்து பூஞ்சை. வெந்தயம் உணவுப் பொருள், ஈரம் இருந்தால் பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போது பெயின்ட் அடித்துவிட்டால், ஈரம் உள்ளேயே அடைபட்டுப்போகும். காய்ந்ததா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள், சமையலறைத் தராசில் வையுங்கள். இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே எடை காட்டினால்தான் காய்ந்தது என்று அர்த்தம். மேலே சொன்ன அளவுக்கு அது 375 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 450 காட்டினால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பங்குனி முதல் வைகாசி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டாம். லேசாக வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே வைத்துத் துடைத்து, இரண்டு நாள் வெயில் காட்டினால் போதும். கறுப்பாக உள்ளேவரை இறங்கிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சிலர் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கச் சொல்வார்கள். புத்தகம் கட்டுபவர்கள் பசையில் போடுவது உண்மைதான். ஆனால் அது விஷம், மாவு அரைக்கும் கிரைண்டரில் அதை அரைக்கவே கூடாது. கூடைக்குள் சாப்பாட்டுப் பொருளையும் வைக்காதீர்கள். அச்சு மையின் காரணமாக, செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதற்கே 2018-ம் ஆண்டு உணவுப் பொதி விதிமுறைகளில் தடை இருக்கிறது. நூல்கண்டு, சாவி, சீப்பு, வளையல் வைத்துக்கொள்ளலாம்.

வழவழப்பான பொம்மை, முகமூடி செய்ய விரும்புகிறவர்கள் கடைசிப் பூச்சில் சாக்பீஸ் பொடி கலந்துகொள்ளுங்கள். புதுச்சேரியின் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தப் பொம்மைகளை அருகிலிருந்து பார்த்தால் மேல்பூச்சை எவ்வளவு மெல்லியதாகப் போடலாம் என்று தெரியும்.

கண்ணாடி பாட்டிலில் மண்ணெண்ணெய் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தி, தண்ணீரில் முக்கினால் அழகாக இரண்டாகிறது என்று வீடியோவில் காட்டுகிறார்கள். எனக்குக் கோணல்மாணலாக உடைகிறது.
— வாசகர், ஈரோடு

விட்டுவிடுங்கள். நூல் எரியும்போது சுற்றிலும் ஒரே சூடு வருவதில்லை. முடிச்சு இருக்கும் இடத்தில் அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு. பாட்டிலின் கனமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. அதனால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. வீடியோவில் காட்டுவது சரியாக வந்த ஒன்றை மட்டும்தான். நேராகவே உடைந்தாலும் விளிம்பு கத்தியாக இருக்கும். அதைத் தண்ணீர் விட்டு விட்டு 80-ம் நம்பரில் தொடங்கி 400 வரை எமரித் தாளில் தேய்க்க வேண்டும், கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது. தேவையென்றால் கண்ணாடி அறுக்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

முழுப் பாட்டிலிலேயே நல்ல வேலை இருக்கிறது. 8 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் உள்ள பாட்டிலுக்கு 3 மி.மீ. சணல் கயிறு 17 மீட்டர் இருந்தால் முழுவதும் சுற்றிவிடலாம். லேபிளை எடுக்க, சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் அரை மணி ஊறவைத்துச் சுரண்டுங்கள். பிசுபிசுப்பு மட்டும் மீதி இருந்தால் அது தண்ணீருக்குப் போகாது. தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். அதற்குப் பிறகு எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். கண்ணாடியில் அடித்த பெயின்ட் உரிந்து வருகிறது என்று எழுதியவர்களுக்கும் இதுவே பதில்: அடியில் எண்ணெய் இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் பெவிகால்தான் போடுகிறேன். சில இடத்தில் இரும்பாகப் பிடிக்கிறது, சில இடத்தில் நாலு நாளானாலும் வெள்ளையாக ஈரமாகவே இருக்கிறது. போலியா?
— வாசகி, திருவண்ணாமலை

போலியாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைப் பசை காய வேண்டுமானால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வழி வேண்டும். மரம், காகிதம், துணி, சணல் எல்லாம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியையும் கண்ணாடியையும், தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டினால் தண்ணீர் எங்கே போகும்? ஒட்டும் இரண்டு பொருள்களில் ஒன்றாவது ஈரம் உறிஞ்சுவதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் காய இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். சாதாரண வெள்ளைப் பசையில் ஒட்டியதை நனையும் இடத்தில் வைக்க வேண்டாம், இளகிவிடும்.

ரெக்சின், தோல், ரப்பருக்கு மஞ்சள் ரப்பர் பசை. இதை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத நிலையில்தான் சேர்க்க வேண்டும். தடவிய உடனே ஒட்டுவதால்தான் பலருக்குக் கழன்றுவிடுகிறது. சேர்த்த பிறகு நகர்த்த முடியாது, குறி போட்டுக்கொண்டு ஒட்டுங்கள்.

உடைந்த பீங்கான், கடினமான பிளாஸ்டிக் போன்று இடைவெளியில்லாமல் பொருந்தும் துண்டுகளுக்கு பெவிக்விக் போன்ற உடனடிப் பசை ஒரு சொட்டு போதும், அதிகம் விட்டால் பிடிப்பு குறையும். அடியில் முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 5 என்று போட்டிருக்கும் டப்பாக்களில் இது நிற்காது. அவற்றைத் துளை போட்டுக் கம்பியால்தான் இணைக்க வேண்டும். தெர்மகோலில் இதையும் ரப்பர் பசையையும் போட்டால் தெர்மகோல் கரைந்து குழியாகும். முக்கியமான எச்சரிக்கை: சிந்திய உடனடிப் பசையைப் பஞ்சாலோ காட்டன் துணியாலோ துடைக்காதீர்கள். பஞ்சில் பட்டதும் அது கடுமையாகச் சூடேறும், விரல் வெந்துவிடும்.

இரும்பு, கண்ணாடி, கல் என்று கனமானவற்றுக்கு இரண்டு குழாயாக வரும் அரால்டைட். துண்டு காணாமல் போய் ஓட்டை இருந்தால் எம்-சீல். இரண்டிலும் இரு பகுதிகளையும் சரிசமமாகக் கலக்க வேண்டும். கண் திட்டத்தில் கூடக் குறைய எடுத்தால் என்றைக்கும் இறுகாது.

கொட்டாங்குச்சியில் பேனா ஸ்டாண்டு, விளக்கு செய்ய ஆசை. நாரை எடுத்துப் பளபளப்பாக்குவது எப்படி? துளை போட்டால் பிளந்துவிடுகிறதே?
— வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊர்ச் சிரட்டை நல்ல கெட்டி, வேலைக்கு ஏற்றது. முற்றிய தேங்காயின் ஓடாக, கறுத்ததாகப் பார்த்து எடுங்கள். இளசில் எடுத்த வெளிறிய ஓடு மெல்லியது, வெடிக்கும்.

ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் நார் தளரும். கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். நனைந்த ஓட்டை வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முதலில் சுருங்கிக் கீறல் விழும். பிறகு உப்புத்தாள்: 80-ம் நம்பரில் மேடு பள்ளம் போகத் தேய்த்து, 150, 220, 400 என்று ஏறுங்கள். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிப் போனால் முந்தைய தாளின் கீறல் கடைசிவரை தெரியும். 400 முடிந்ததும் தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தாலே கரும்பழுப்பு மினுக்கம் வந்துவிடும், வார்னிஷ் தேவையில்லை. தேய்க்கும்போது பறக்கும் தூள் மிக நைசானது, முகக்கவசம் போடுங்கள்.

துளைக்கு 2 மி.மீ. பிட்டில் தொடங்கி, அப்புறம் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளியே போட வேண்டும். ஆணி அடித்துத் துளைத்தால் பிளக்காமல் வேறென்ன செய்யும்? செடி வைப்பதற்குத் துளையே போட வேண்டாம், மூன்று கண்ணில் மெல்லியதாக இருக்கும் கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் வடியும்.

விளக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சிறிய எல்.இ.டி. சரம் வைக்கலாம். திரியோ மெழுகுவத்தியோ வேண்டாம். கொட்டாங்குச்சி அடுப்புக்குப் போடும் விறகு என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய பெட்ஷீட்டில் கடைக்குப் போகும் பை தைத்தேன். பிடி இரண்டு வாரத்தில் பிய்ந்துவிட்டது. துணி மட்கிவிட்டதா?
— வாசகி, திண்டுக்கல்

பெட்ஷீட்டின் நடுப்பகுதி மட்கித்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நூல் விலகாத ஓரப் பகுதியில் வெட்டுங்கள். ஆனால் பிடி பிய்ந்ததற்குத் தையலும் காரணம். குறுக்கே ஒரே வரி அடித்திருப்பீர்கள். அரிசி மூட்டையின் பாரம் முழுவதும் அந்த ஒரு வரிசை ஊசித் துளைகளில் விழுகிறது.

38 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பைக்கு 41 × 88 செ.மீ. துணி ஒன்று, பிடிக்கு 10 × 60 செ.மீ. பட்டை இரண்டு. பட்டையை நாலாக மடித்தால் 2.5 செ.மீ. அகலப் பிடி வரும். அதன் இரு ஓரமும் தையுங்கள். பையின் பக்கங்களை முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து அரை செ.மீ.யில் தைத்து, உள்ளே திருப்பி, மறுபடி 1 செ.மீ.யில் தைத்தால் பிசிறு உள்ளேயே அடங்கும், ஓவர்லாக் வேண்டாம். வாய்ப்பக்கத்தை 1 செ.மீ. மடித்து, மறுபடி 3 செ.மீ. மடியுங்கள். அந்த மடிப்புக்குள் பிடியின் முனையை 3 செ.மீ. செருகி, பிடியை மேல்நோக்கித் திருப்பி, அந்த இடத்தில் ஒரு சதுரமும் சதுரத்துக்குள் பெருக்கல் குறியும் தையுங்கள். பாரம் பல வரிகளில் பிரிந்துபோகும். பிடிகளைப் பக்க ஓரத்திலிருந்து 10 செ.மீ. உள்ளே வையுங்கள். காட்டன் நூலைவிட பாலியஸ்டர் நூல் நீடிக்கும்.

பழைய ஜீன்ஸில் தைப்பதானால் மிஷின் ஊசியை 18-ம் நம்பருக்கு மாற்றுங்கள். தடிப்பான மடிப்புகளை ஒரு துணி போட்டுச் சுத்தியால் தட்டிப் படிய வைத்த பிறகு தைத்தால் ஊசி உடையாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது முதல் துணிப்பை வாங்குவது கூடியிருக்கிறது. வாங்குவதற்கு முன் பீரோவைத் திறந்து பார்க்கலாம்.

நெய் டின், பால்பவுடர் டின்னில் செடி வைத்தால் அடி துருப்பிடித்து ஓட்டையாகிறது. தடுக்க முடியுமா?
— வாசகர், தாம்பரம்

தள்ளிப்போடலாம், முழுவதும் தடுக்க முடியாது. தகரத்தில் ஆணி அடித்த இடத்தில் மேல்பூச்சு போய் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். 6 மி.மீ. துளை ஐந்தை உள்ளிருந்து வெளியே அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் துளையின் விளிம்பு உள்பக்கம் தூக்கிக்கொண்டு, அடியில் தண்ணீர் தேங்கும். அடித்த பிறகு உள்ளும் புறமும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் ஒரு கோட், காய்ந்ததும் வெளியே எனாமல் இரண்டு கோட். டின்னை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். இதைவிட எளிது, துளை போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் செடியை வைத்து, அதை டின்னுக்குள் இறக்குவது. தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்ததும் உள்ளே வைத்துவிடலாம்.

கல்யாணப் பத்திரிகைகள் சேர்ந்துவிட்டன. பிள்ளையார் படம் இருப்பதால் குப்பையில் போடவும் மனமில்லை.
— வாசகி, காரைக்குடி

மொய்க் கவர் செய்யுங்கள். 500 ரூபாய் நோட்டு 15 × 6.6 செ.மீ., அதனால் கவர் 17 × 8.5 செ.மீ. இருந்தால் மடிக்காமல் வைக்கலாம். 20 × 20.5 செ.மீ. அட்டை வெட்டி, மேலே 4 செ.மீ. மூடிக்கும், நடுவில் 8.5 முன்பக்கத்துக்கும், கீழே 8 பின்பக்கத்துக்கும் கோடு போடுங்கள். இடமும் வலமும் 1.5 செ.மீ. ஒட்டுமடிப்பை முன்பக்கத்துக்கு மட்டும் விட்டு, மூடியிலும் பின்பக்கத்திலும் வெட்டி எடுத்துவிடுங்கள். கனமான பத்திரிகை அட்டையை அப்படியே மடித்தால் மேல்தாள் வெடித்து வெள்ளை தெரியும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டு, அந்தத் தடத்தில் மடித்தால் வெடிக்காது. பிள்ளையார் படத்தைத் தனியாக வெட்டிக் கவரின் முகப்பில் ஒட்டிவிடலாம்.

கார்த்திகை அகல்களில், மிச்சமிருந்த மெழுகுவத்திகளை உருக்கி ஊற்றினேன். சில எரியவே இல்லை, சிலவற்றில் நடுவில் குழி விழுந்தது.
— வாசகி, பாளையங்கோட்டை

குழி விழுவது இயல்பு. மெழுகு ஆறும்போது சுருங்கும். கொஞ்சம் மெழுகை எடுத்து வைத்து, முக்கால் மணி கழித்து இரண்டாம் தடவை நிரப்புங்கள். எரியாததற்குக் காரணம் திரி மெலிவாக இருப்பது, உருகிய மெழுகில் அது மூழ்கிவிடும். தடித்துப்போனால் கரி பிடித்துப் புகையும். தையல் நூல் போதாது. பூ கட்டும் வெள்ளை நூலை மூன்று இழை சேர்த்துப் பின்னி, உருகிய மெழுகில் ஒரு நிமிடம் முக்கி, நேராக இழுத்துக் காயவையுங்கள். ஊற்றிய பிறகு மேலே அரை செ.மீ. மட்டும் விட்டு நறுக்குங்கள். நிறத்துக்காகக் கிரேயான் போட்டிருந்தால் அதன் வண்ணத்தூள் திரியை அடைத்திருக்கும்.

எண்ணெய் விளக்குக்கு அகலைத் தண்ணீரில் ஊறவைப்போம். மெழுகுக்கு அது ஆகாது, அகல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். 30 மி.லி. அகல் பத்துக்கு 270 கிராம் மெழுகு பிடிக்கும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்குங்கள். அப்படியும் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ மேலே பாயும்.

அம்மாவின் பழைய பட்டுப்புடவை மடிப்பில் கிழிகிறது. குஷன் உறை தைக்கலாமா?
— வாசகி, காஞ்சிபுரம்

கத்தரி வைப்பதற்கு முன் ஜரிகையைச் சோதித்துவிடுங்கள். பழைய அசல் ஜரிகையில் பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். வெள்ளிக்காகவே அதற்கு விலை உண்டு. சுரண்டினால் சிவப்பு இழை தெரிந்தால் அசல் என்பது ஒரு அடையாளம்தான், முடிவல்ல. நம்பிக்கையான கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். உடல் பகுதி மடிப்பில் கிழிகிறது என்றால் குஷனுக்கு அது தாங்காது, உட்கார உட்காரப் பிளக்கும். முந்தானையை மட்டும், பின்னால் காட்டன் துணி வைத்துக் கையால் பொடித் தையலிட்டு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வெயில் நேராகப் படாத சுவராகப் பாருங்கள். பசை போட்டு ஒட்டக் கூடாது, பட்டில் கறை ஏறிவிடும்.

காயலான் கடையில் கைவேலைக்கு என்னென்ன வாங்கலாம்? எதைத் தொடக் கூடாது?
— வாசகர், சேலம்

கண்ணாடி ஜாடி, பித்தளைப் பாத்திரம், ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி, தேக்குச் சட்டத் துண்டு, இரும்பு ஜன்னல் கம்பி, உருக்கு டிரங்குப் பெட்டி இவை லாபம். மரத்தைத் தட்டிப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பீங்கான் ஜாடியை விரலால் சுண்டினால் மணி ஓசை வர வேண்டும். மொட்டையாகச் சத்தம் வந்தால் கீறல்.

பூச்சிமருந்து, தின்னர், ஆசிட் இருந்த கேன்களை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. கொசு மருந்து, சென்ட் அடிக்கும் அழுத்த டப்பாக்களை வெட்டவோ துளைக்கவோ கூடாது, காலியாகத் தெரிந்தாலும் வெடிக்கும். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, அதில் பூச்சாடி செய்யும் யோசனையைக் கைவிடுங்கள். பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் வாங்கினால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைக் குறைக்கும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூளில் ஈயம் இருக்கலாம், சிறு குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். தண்ணீர் தெளித்து, நனைந்த தாளால் வீட்டுக்கு வெளியே தேய்த்து, கீழே விரித்த பேப்பரோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.